ஆறு சேனல் ரிமோட்டில் பத்து சேனல்

வணக்கம். ரிமோட்டில் ஓடும் விமானம், படகு, கார் என்று ஏதாவது ஒரு பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு: சேனல் பத்தவில்லை. சேனல் என்றால் ரிமோட்டிலிருந்து தனியாக இயக்கக்கூடிய ஒரு வேலை. விமானத்தைச் சாய்க்க ஏலரான், ஏற்றி இறக்க எலிவேட்டர், வேகத்துக்குத் திராட்டில், திருப்ப ரட்டர் என்று நாலு சேனல் போய்விடும். அப்புறம் ஃபிளாப் வேண்டும், சக்கரத்தை மடக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கேமரா திரும்ப வேண்டும் என்று ஆசை வளர்ந்தால் ஆறு சேனல் ரிமோட் கைவிரித்துவிடும். உடனே பத்து சேனல் செட் என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். சேனல் எங்கே போய் முட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.

பழைய செட்களில் முட்டிய இடம் நேரம். பிபிஎம் என்ற பழைய சிக்னல் முறையில் ஒவ்வொரு சேனலும் 1 முதல் 2 மில்லிசெகண்ட் வரை நீளும் ஒரு துடிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக வரும், மொத்தச் சுற்றும் 22.5 மில்லிசெகண்ட். எட்டு சேனலும் முழுசாக நீண்டால் 16 போய்விடும், மீதி ஆறரை. அந்த நீளமான இடைவெளியைப் பார்த்துத்தான் மாடலில் இருக்கும் ரிசீவர் "சரி, அடுத்த சுற்று ஆரம்பம்" என்று புரிந்துகொள்கிறது. பத்து சேனலைத் திணித்தால் இடைவெளி இரண்டரைக்கு இறங்கும், அது எது, ஒரு சேனலின் துடிப்பு எது என்று பிரித்தறிவதே பாடாகிவிடும்.

இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்களில் கதை வேறு. நம்மூரில் பலர் கையில் இருக்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு சேனல் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அதன் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ என்ற ரேடியோ முறையில் காற்றில் போகும் தகவல் பொட்டலத்தில் 14 சேனலுக்கு இடம் இருக்கிறது. ரிமோட்டின் முகப்பிலேயே நாலு ஸ்விட்ச், இரண்டு குமிழ். இரண்டு குச்சிகளின் நாலு சேனலையும் கூட்டினால் பத்து! தடுப்பது உள்ளே இருக்கும் மென்பொருள் மட்டும்தான். ஆர்வலர்கள் எழுதிய மாற்று ஃபார்ம்வேரை, அதாவது அந்த உள் மென்பொருளை, ஏற்றினால் பத்து சேனலும் திறந்துகொள்ளும். பின்பக்கம் வட்டமாக இருக்கும் டிரெய்னர் போர்ட்டில், கணினியோடு சேர்க்கும் ஒரு யுஎஸ்பி சீரியல் போர்டை இணைத்து, ரிமோட் மெனுவில் ஃபார்ம்வேர் அப்டேட்டுக்குப் போய் ஏற்ற வேண்டும். அந்தச் சின்ன போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவிலும் கிடைக்கும், 3.3 வோல்ட் அளவில் பேசுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்றும்போது பேட்டரி புதிதாக இருக்கட்டும், நடுவில் அணைந்தால் ரிமோட் படுத்துவிடலாம்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ரிமோட் பத்து சேனல் அனுப்புகிறது, ரிசீவரில் பின் ஆறுதானே? உங்களிடம் இருப்பது ஐஏ6 என்றால் அதோடு முடிந்தது. ஐஏ6பி என்று கடைசியில் ஒரு "பி" இருந்தால் தப்பித்தீர்கள். அதில் ஐபஸ் என்ற தனி போர்ட் உண்டு, ஒரே ஒயரில் எல்லாச் சேனலும் 1,15,200 பாட், அதாவது நொடிக்கு அத்தனை பிட் வேகத்தில் வரும். ஒரு பொட்டலம் 32 பைட், அதில் முதல் இரண்டு தலைப்பு, கடைசி இரண்டு சரிபார்ப்பு, நடுவில் சேனலுக்கு இரண்டிரண்டாக 14 சேனல். ட்ரோனின் பறப்பை ஆளும் ஃபிளைட் கன்ட்ரோலர் போர்டு இதை நேராகவே படித்துக்கொள்ளும். சர்வோக்களை, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் ஆட்டும் சின்ன மோட்டார்களை, நேராகச் சொருக வேண்டுமென்றால் பத்து பின் உள்ள ஐஏ10பி வாங்குங்கள், அல்லது ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஃபார்ம்வேரைத் தொடவே பயமா? இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. ஆர்டுபைலட் என்ற மென்பொருள் ஓடும் ட்ரோனில் பறக்கும் முறையை மாற்ற ஒரே சேனல்தான், ஆனால் துடிப்பு 1230-க்குள் இருந்தால் முதல் முறை, 1360-க்குள் இரண்டாவது, 1490, 1620, 1749, அதற்கு மேல் ஆறாவது என்று மைக்ரோசெகண்ட் கணக்கில் ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றையும் இரண்டு நிலை ஸ்விட்ச் ஒன்றையும் ரிமோட்டின் மிக்ஸ் மெனுவில் கலந்துவிட்டால் ஒரே சேனலில் ஆறு வேலை. சதவீதத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும், பொறுமை இல்லாதவர்களுக்குச் சரிவராது.

கப்பல் மாடல் செய்பவர்கள் இன்னும் ஒரு படி மேல். மல்டி ஸ்விட்ச் என்று ஒரே சேனலில் எட்டு ஸ்விட்சின் நிலையை வரிசையாக, சுற்றுக்கு ஒன்றாக அனுப்புவார்கள். எட்டும், ஆரம்பத்தைக் காட்டும் அடையாளம் ஒன்றும் சேர்ந்து ஒன்பது சுற்று, அதாவது சுமார் 0.2 செகண்ட். விளக்குக்கும் ஹாரனுக்கும் அது போதும். விமானத்தின் எலிவேட்டரை மட்டும் அதில் போட்டுவிடாதீர்கள்.

எந்த வழியில் சேனல் கூட்டினாலும் ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் அறுந்தால் எந்தச் சேனல் எங்கே நிற்க வேண்டும் என்பதை, புதிதாக வையுங்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்து, ஒவ்வொரு சேனலும் எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். அப்புறம் மின்சாரம். கூடுதல் சேனல் என்றால் கூடுதல் சர்வோ. 9 கிராம் சர்வோகூடச் சிக்கிக்கொண்டால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எல்லாவற்றுக்கும், மோட்டார் வேகத்தை ஆளும் ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற ஒரே 5 வோல்ட் சப்ளைதான் சாப்பாடு போடுகிறது. தரையிலேயே எல்லாச் சர்வோவையும் ஒரே நேரத்தில் ஆட்டிக்கொண்டு, ரிசீவரின் காலி பின்னில் மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட் சட்டென்று இறங்கினால் தனி பிஇசி போடும்வரை பறக்க விட வேண்டாம்.