பீப்ஸ் புதைத்த பாலாடைக்கட்டி

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களே, விழாவுக்குத் தலைமை தாங்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, விடியற்காலையிலிருந்து பந்தலிலேயே நின்ற பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, எத்தனை முறை அழைத்தும் மேடைக்கு வராமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆறாம் வகுப்புச் செல்வங்களே, வணக்கம்.

பிரிட்டிஷ் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார்கள். 1665இல் லண்டனை வாட்டிய பிளேக், அடுத்த ஆண்டு வந்த பெருந்தீ, அப்புறம் ஊர் மறுபடி எழுந்த கதை, மூன்றையும் சொல்கிறேன். முதலில் தீ.

1666 செப்டம்பர் 2, ஞாயிறு. புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினரின் ரொட்டிக்கடையில் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. தோளோடு தோள் உரசும் மர வீடுகள், காய்ந்துபோன கோடை, கிழக்குக் காற்று. கேட்கவா வேண்டும்! சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் செயின்ட் பால் பேராலயமும் போயின.

இத்தனை நெருக்கமாக அது நமக்குத் தெரிவது எப்படி? ஒருவர் எழுதி வைத்தார். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள் நம் பெரியவர்கள். அவர் சாமுவேல் பீப்ஸ், கடற்படை அலுவலக அதிகாரி. பெப்பிஸ் என்று எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள், பீப்ஸ்தான்.

அதிகாலை 3 மணிக்கு வேலைக்காரப் பெண் ஜேன் எழுப்புகிறாள். சன்னலில் பார்க்கிறார். தூரத்தில்தானே எரிகிறது என்று மறுபடி படுத்துவிடுகிறார்! காலையில் ஜேன் சொல்கிறாள், 300 வீடு போயிற்று என்று. ஓடுகிறார். படகில் ஏறிப் பார்க்கிறார். சனங்கள் பண்டபாத்திரங்களை ஆற்றில் வீசுகிறார்கள். புறாக்கள் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் சன்னலருகே சுற்றிச் சுற்றிப் பறந்து, சிறகு கருகி விழுகின்றன. பிள்ளைகளே, ஊரே எரியும்போது புறாவைப் பார்த்த கண் அது! அரசர் இரண்டாம் சார்லஸிடம் ஓடிச் சொல்கிறார். தீ மேலே பரவாமல் இருக்க வீடுகளை இடியுங்கள் என்கிறார் அரசர். அந்த உத்தரவோடு போனால், மேயர் கழுத்தில் கைக்குட்டையோடு, என் பேச்சை யாரும் கேட்கவில்லையே என்று சோர்ந்து நிற்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை தோட்டத்தில் குழி தோண்டுகிறார் பீப்ஸ். எதைப் புதைத்தார்? ஒயினை. கூடவே தன் பார்மெசான் சீஸை! அதையும் மறைக்காமல் எழுதினார்.

1660 முதல் 1669 வரை இப்படி நாட்குறிப்பு எழுதினார், சுருக்கெழுத்தில். கண் போய்விடுமோ என்ற பயத்தில்தான் நிறுத்தினார்.

நம்மிடமும் ஒருவர் இருந்தார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். நம் தாத்தா பாட்டிகள் பார்த்த வெள்ளமும் பஞ்சமும் எந்த நோட்டில் இருக்கிறது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

மணி அடித்துவிட்டார்கள்; பிளேக்கையும் மறுபடி எழுந்த லண்டனையும் நூலகர் அம்மாவிடம் புத்தகம் கேட்டு வாங்கிப் படியுங்கள். தலைமையாசிரியை அவர்களுக்கும் கல்வி அலுவலர் அவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: தினம் கடைசிப் பீரியடில் 10 நிமிடம் நாட்குறிப்புக்குக் கொடுங்கள். மதிப்பெண் வேண்டாம், சிவப்பு மையும் வேண்டாம். இந்த மேசைமேல் 40 பக்க நோட்டுகள் அடுக்கியிருக்கிறேன், ஆளுக்கு ஒன்று. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரி தேதி போட்டு, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.