ஆயிரம் பேர் பந்திக்கு, ஆறு பேர் ஜெபத்துக்கு?

(ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைப் பட்டிமன்றம். தலைப்பு: கிறிஸ்தவ விசுவாசம் பெரிதும் வாழப்படுவது தனி மனித பக்தியிலா, சபை வாழ்விலா? ‘சபை வாழ்விலே’ என்னும் அணியின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், சேகர குருவானவர் அவர்களுக்கும், பந்தலுக்குள்ளும் வேப்பமரத்தடியிலுமாக அமர்ந்திருக்கிற சபையாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். எனக்கு எட்டு நிமிடம்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் வாழ்த்துரையை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி பெரிய கைதட்டலை வாங்கிக்கொண்டு போய் அமர்ந்திருக்கிறார். அவர் சொன்னதை நானே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் அது கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. “அசன விருந்துக்கு ஆயிரம் பேர், ஜெபக்கூட்டத்துக்கு ஆறு பேர், இதற்குப் பெயர் சபையா, பந்தியா? கலிலேயாவில் அப்பம் தின்ன ஐயாயிரம் பேர் வந்தார்கள், கல்வாரியில் எத்தனை பேர் நின்றார்கள்?” என்று கேட்டார். அந்தக் கல்வாரிக் கேள்வியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பிறகு வருகிறேன். இப்போதைக்கு, எழுதிக்கொண்டு வந்த குறிப்புகளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். பந்தியைப் பற்றிக் கேலி செய்தபிறகு பந்திக்குத்தானே முதலில் பதில் சொல்ல வேண்டும்?

தம்பி நேற்றிரவு இந்த வளாகத்துக்கு வந்திருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார். கோவிலின் வடபுறத்தில் தார்ப்பாயை விரித்துக் கத்தரிக்காயை மலைபோல் கொட்டியிருந்தார்கள். வங்கியில் மேலாளராக இருக்கும் நம் சபையார் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாள்மனைக்கு முன்னே உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பீடி சுற்றிப் பிழைக்கிற ஓர் அக்கா, “சார், விரலை நறுக்கிராதிய, அது அசனத்துக்கு ஆகாது” என்று சொல்லி, காம்பை எப்படிப் பிடித்துக்கொண்டு காயை நான்காகக் கீற வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மேலாளர் நறுக்கிய துண்டுகள் ஒன்றுக்கொன்று ஒட்டும் உறவும் இல்லாமல் கோணல்மாணலாக விழுந்தன. அந்தத் துண்டுகள்தாம் இன்று மதியக் குழம்பில் மிதந்தன. தம்பி அந்தக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார். பரிமாறியவன் நான், எனக்குத் தெரியும்.

பந்தி என்றால் இளப்பமா, நடுவர் அவர்களே? 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயராக இருந்த டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, முற்றிலுமாக ஒழிய வேண்டும் என்று திருமுகம் அனுப்பினார். அதைக் கேட்டுத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். அவர்கள் ஜெபிக்க மறுத்தார்களா? வேதம் வாசிக்க மறுத்தார்களா? இல்லை, தனி மனித பக்தியில் அவர்களுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. பக்கத்தில் உட்காரமாட்டோம், ஒரே பாத்திரத்தில் குடிக்கமாட்டோம் என்றுதான் போனார்கள். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிற ஊர்கள் உண்டு; அதை மறைத்துப் பேச நான் மேடையேறவில்லை. ஆனால் ஒன்று, அறையின் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கிறவனுக்கு அந்தச் சுவர் ஆயுசுக்கும் கண்ணில் படாது. சபையாகக் கூடி, ஒரே பாயில் ஒரே இலை வரிசையில் உட்காரச் சொல்லும்போதுதான் அது யாரை இடிக்கிறது என்பது வெளியே வருகிறது.

நம் மண்ணின் மைந்தர் ஒருவரே இதைச் சொல்லியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்னும் பெயர் பெற்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் வெள்ளைக்கார மிஷனெரிமாரைப் பார்த்து என்ன கேட்டார்? ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடல்களையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றுதான் கேட்டார். நண்பன் என்பவன் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவன், தம்பி.

எதிரணியின் சகோதரி, கால்டுவெல் ஐயர் சென்னையிலிருந்து நெல்லைச் சீமைக்கு நடந்தே வந்ததைச் சொல்லி, சீஷத்துவம், அதாவது ஆண்டவரைப் பின்பற்றுவது, தனி நடை என்றார். நடந்து வந்தது உண்மைதான். வந்து இடையன்குடியில் அவர் 1847இல் தொடங்கிய ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்துமூன்று ஆண்டுகளாகக் கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தவர்கள் யார்? ஊராரும் சபையாரும் அல்லவா? அதற்கும் முன்னே, 1799இல் விசுவாசத்துக்காக விரட்டப்பட்ட நம் முன்னோர் தாவீது சுந்தரானந்தத்தின் தலைமையில் நிலம் வாங்கிக் குடியேறி முதலூர் என்று ஒரு ஊரையே உண்டாக்கினார்களே, ஆளுக்கோர் அறையைக் கட்டிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டார்களா?

சரி, வரலாறு போதும். குருவானவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் ஒரு பூசணிக்காயின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையில் நடந்தது இது. ஆராதனை முடிந்ததும், பலிபீடத்துக்கு முன்னே படைத்த காய்கனிகளையும் கோழிகளையும் ஏலம் விடுவார்கள். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தாள்; கைம்பெண், ஒரே மகன், ஓலைக்கூரை வீடு. அந்தக் கூரையின் மேல் படர்ந்த கொடியில் காய்த்த ஒரு பூசணிக்காயை அவள் இடுப்பில் சுமந்துகொண்டு வந்து வைத்திருந்தாள். உபதேசியார் அதைத் தூக்கிக் காட்டி, “ஐம்பது ரூபாய்” என்று தொடங்கினார். கருப்பட்டிக்கடை அண்ணாச்சி, “அறுபது” என்றார். அவ்வளவுதான், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் “நூறு” என்றது. கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்தது, ஏனென்றால் அது அண்ணாச்சியின் சொந்தத் தம்பியின் குரல். கிணற்றுத் தண்ணீரை முறைவைத்து இறைப்பதில் வந்த தகராறில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாத காலம் அது. ஒருவர் கோவிலுக்கு வலப்புற வாசல் வழியாக வந்தால் மற்றவர் இடப்புற வாசல் வழியாக வருவார். நற்கருணைக்கு முழங்காலிடும்போதுகூட ஒருவர் எழுந்துபோன பிறகுதான் மற்றவர் வருவார்.

இருநூறு என்றார் அண்ணன். ஐந்நூறு என்றார் தம்பி. ஆயிரம், இரண்டாயிரம் என்று காயின் விலை கோபுரத்தில் ஏறத் தொடங்கியது. கோவிலுக்கு வெள்ளையடிக்கப் பணம் தேவைப்பட்ட வருஷம் அது. ஆகையால் உபதேசியார் “ஒரு தரம்” என்பார், “இரண்டு தரம்” என்பார், மூன்றாம் தரத்தைச் சொல்லாமல் தண்ணீர் குடிப்பார். கொயரில் இருந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துக் கிழித்தேவிட்டார். நாலாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றபோது, காயைக் கொண்டுவந்த பாட்டி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஏலே, ரெண்டு பேரும் நிறுத்துங்கலே! காயை ரெண்டா அறுத்து ஆளுக்குப் பாதி எடுங்க. உங்க அம்மை இருந்திருந்தா ரெண்டு பேரையும் வெளக்கமாத்தாலே வெளுத்திருப்பா” என்றாள். சாலொமோன் ராஜா பட்டயம் கேட்டார். எங்கள் பாட்டி அரிவாள் கேட்டாள்.

அரிவாள் வந்தது. உபதேசியார் அறுத்தார். அறுத்தால், உள்ளே முழுவதும் அழுகல்!

முன்வரிசையில் குருவானவர் இருப்பதால் சிரிப்பை அடக்கிக்கொண்டவர்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்தக் காலத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நாற்றம் தாங்காமல் கோவில் பணியாளரான கோவில்பிள்ளை மணலை அள்ளிக்கொண்டு ஓடி வருகிறார். அண்ணன் தம்பியைப் பார்க்கிறார், தம்பி அண்ணனைப் பார்க்கிறார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சி சிரித்ததில் கிழிந்த சட்டை இன்னும் கொஞ்சம் கிழிந்தது. உடனே கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஏலத்தொகையை ஆளுக்குப் பாதியாகக் கட்டினார்கள். வெளியே வரும்போது இருவரும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் என்ன சொன்னார்? காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து என்றார். இந்த வசனத்தைத் தனியாக அறைக்குள் உட்கார்ந்து கைக்கொள்ள முடியுமா என்று எதிரணியினர் சொல்லட்டும். அறைக்குள் சண்டைபோட ஆள் இல்லை, ஆகையால் மன்னிக்கவும் ஆள் இல்லை. கமிட்டிச் சண்டை, தேர்தல் சண்டை, கொயரில் யார் தனிப்பாட்டுப் பாடுவது என்கிற சண்டை என்று ஒரு பெரிய பட்டியலையே எதிரணித் தம்பி வாசித்தார். ஒன்றையும் நான் மறுக்கவில்லை. இரண்டில் நானே வாதியாக இருந்திருக்கிறேன். அத்தனை பேரோடும் மறு ஞாயிறு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ‘எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்’ என்று சொல்லியாக வேண்டியிருக்கிறதே, அந்தச் சங்கடத்தைவிடப் பெரிய சீஷத்துவப் பள்ளி எது?

நன்றியறிதலைப் பற்றி எதிரணிச் சகோதரி, ஆண்டவர் சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளை அழைத்து வந்தார். கூட்டமாகப் போன ஒன்பது பேர் நன்றி மறந்தார்கள், தனியாகத் திரும்பிய ஒருவன்தான் நன்றி சொன்னான் என்றார். சகோதரி, அவன் தனியாகத் திரும்பியது உண்மை, ஆனால் அறைவீட்டுக்குள் போய்ச் சொல்லவில்லை. உரத்த சத்தத்தோடே, எல்லாருடைய காதிலும் விழும்படி தேவனை மகிமைப்படுத்தினான் என்று லூக்கா எழுதியிருக்கிறார். ஆண்டவரும் அவனைப் பாராட்டிய கையோடு, மற்ற ஒன்பதுபேர் எங்கே என்றுதான் கேட்டார். அவர் தேடியது பத்துப்பேரையும். நம் வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவந்தார்களே, அந்தப் பிடி அரிசியில் ஒரு வீட்டுப் பங்கு ஒருவேளைக் கஞ்சிக்குக்கூடக் காணாது. சேர்ந்தபோதுதான் அது ஊழியத்துக்கு ஆயிற்று. 1903இல் பாளையங்கோட்டையில் பிறந்த இந்திய மிஷனெரி சங்கம், இந்திய ஆட்களும் இந்தியப் பணமும் இந்திய நிர்வாகமும் போதும் என்று துணிந்து எழுந்தது இப்படிப்பட்ட சிறு காணிக்கைகளை நம்பித்தானே?

மணி அடித்துவிட்டார்கள். முதல் மணிதான் என்று நினைக்கிறேன்.

தம்பி, கல்வாரியில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டீர்களே, இப்போது சொல்கிறேன். சில பெண்கள் நின்றார்கள், அன்பாயிருந்த சீஷன் ஒருவன் நின்றான், தாய் நின்றாள். ஐயாயிரம் பேர் நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிலரை வைத்துக்கொண்டு ஆண்டவர் அங்கே என்ன செய்தார்? தாயைப் பார்த்து, “அதோ, உன் மகன்” என்றார். சீஷனைப் பார்த்து, “அதோ, உன் தாய்” என்றார். ஆணி அறைந்த கைகளோடு, உயிர் பிரிகிற நேரத்தில், இரத்த உறவில்லாத இரண்டு பேரை ஒரு வீட்டுக்காரர் ஆக்கினார். அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று யோவான் எழுதுகிறார்.

அந்தப் பூசணிக்காய்ப் பாட்டி சில ஆண்டுகளுக்கு முன் காலமானாள். ஒரே மகன் வளைகுடாவில். விடுப்புக் கிடைக்கவில்லை, கடவுச்சீட்டு முதலாளியின் கையில். கைப்பேசியின் திரையில்தான் தாயின் முகத்தைப் பார்த்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அவளைக் குளிப்பாட்டி வெள்ளைச் சேலை உடுத்தினார்கள். பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். தலைமாட்டில் கருப்பட்டிக்கடை அண்ணாச்சி, அப்போது அவருக்கே ஊன்றுகோல் வேண்டிய வயது. அவருக்கு இணையாக மறுபக்கத்தில் தம்பி. இருவரும் வழியெல்லாம் அழுதுகொண்டு போனார்கள். சுமந்து வந்த நாலு பேருடைய விசுவாசத்தைக் கண்டுதான் கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனிடம் ஆண்டவர் பேசினார் என்று மாற்கு எழுதியதை நான் அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். இது வாதமே அல்ல என்று எதிரணியினர் சொல்வார்கள். சொல்லட்டும்.

மறு வருஷம் மகன் ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை உறையைக் கொடுத்தான். யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்று குருவானவர் வாசிப்பது வழக்கமல்லவா? உறையின் மேல் அவன் பெயரும் இல்லை, வேலை கிடைத்ததும் இல்லை, சுகமாய் ஊர் வந்து சேர்ந்ததும் இல்லை. ‘எங்கள் அம்மையைச் சுமந்தவர்களுக்காக’ என்று மட்டும் எழுதியிருந்தது. குருவானவர் அதை வாசித்துவிட்டு, அடுத்த உறையை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது.

நடுவர் ஐயா, அந்த உறையை எந்த அணியின் கணக்கில் வைப்பது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும். இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. நன்றி, வணக்கம்.