மேல் மாடி வீட்டின் சூடு

நேயர்களுக்கு வணக்கம். கட்டடக் கலையில் இப்போது நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கார்பன் குறைந்த சிமெண்ட், முப்பரிமாண அச்சில் எழும்பும் சுவர் என்று பேச நிறையவே இருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: வீட்டுக்குள் இருப்பவருக்கு எவ்வளவு சூடு சௌகரியம், அதை யாரிடம் கேட்டு முடிவு செய்கிறோம் என்பது.

1970-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர், எவ்வளவு சூடு சௌகரியம் என்று கணிக்க ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் உட்கார வைத்து, ‘சூடாக இருக்கிறதா, குளிர்கிறதா’ என்று கேட்ட சோதனைகள்தான் அதற்கு அடித்தளம். மாணவர்கள் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் படித்தவர்கள். ஃபாங்கரின் கணக்கு கூர்மையானது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் உலகம் முழுவதும் ஏசி அலுவலகங்களை அதை வைத்தே வடிவமைத்தபோது, மின்விசிறியைக் கூட்டிக்கொள்பவரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்பவரும் கணக்கிலேயே வரவில்லை.

அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் மைக்கேல் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆய்வாளர், பல நாடுகளில் மக்கள் அன்றாடம் புழங்கும் கட்டடங்களில் எடுத்த கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தார். மக்கள் சௌகரியம் என்று சொல்லும் வெப்பநிலை ஊருக்கு ஊர் மாறியது. வெளியே இருக்கும் வெப்பத்தை ஒட்டியே அது நகர்ந்தது. 1998-இல் டி டியர், பிரேஜர் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு கண்டங்களில், 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய சுமார் 21,000 பதில்களை வைத்து இதை உறுதிப்படுத்தினார்கள்.

நம் நாட்டுக்கு இந்த வேலையைச் செய்தது அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம். 2014-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காக அகமதாபாத், டெல்லி, பெங்களூரு, சிம்லா, சென்னை ஆகிய ஐந்து ஊர்களில் 16 அலுவலகக் கட்டடங்களுக்குப் போய், 6,330 பதில்களை வாங்கினார்கள். அதில் கிடைத்த சூத்திரத்தின்படி, வெளியே மாதச் சராசரி 30 டிகிரியாக இருக்கும் காலத்தில், காற்றோட்டமுள்ள, ஏசி இல்லாத கட்டடத்தில் இருப்பவர்களுக்கு உள்ளே 29 டிகிரி சௌகரியமாகவே இருக்கும். 22-இல் ஏசியை வைத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்ளும் அலுவலகங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பில் இந்த முறை இடம்பெற்றது. அதன் பிறகு அவர்கள் வீடுகளுக்கும் போய் ஆய்வைத் தொடர்ந்தார்கள். எனக்கு மிகவும் நம்பிக்கை தந்தது அதுதான்.

ஏன் வீடு என்றால், அலுவலகம் மாலையில் பூட்டப்பட்டுவிடும். நம் கான்கிரீட் கூரையின் கொடுமை அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஆறு அங்குல கான்கிரீட் தளம் உச்சி வெயிலில் வாங்கிய வெப்பத்தைக் கீழே இறக்க நாலைந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதாவது பிள்ளைகள் பாடம் படிக்க உட்காரும் நேரத்திலும், படுக்கப் போகும் நேரத்திலும் கூரை அனலாக இருக்கும்.

மே மாதத்தில் மாணவர்களோடு ஒரு மேல் மாடி வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பது மணி இருக்கும். கூடத்தில் மாட்டிய வெப்பமானி காட்டிய அளவு, தெருவில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் தொடாமல் அளக்கும் கருவியைக் கூரைப் பக்கம் திருப்பியபோது எண் ஏறிக்கொண்டே போனது. அந்த வீட்டு அம்மா பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, “ஃபேன் போட்டா மேல இருக்கற சூட்டைத்தான் இறக்கி விடுது சார்” என்றார். கூரைதான் காரணம் என்று அவர் கண்டது சரி. காற்று எத்தனை டிகிரி என்பது பாதிக் கதைதான். சுற்றியுள்ள சுவரும் கூரையும் எவ்வளவு சூட்டை நம் மேல் வீசுகின்றன என்பது மீதி. மின்விசிறிக் காற்று உடம்புக்குச் சுமார் 3 டிகிரி குறைந்த உணர்வைத் தரும். ஆனால் தலைக்கு மேல் அனல் தகடு போலக் கூரை இருந்தால் அந்த லாபமும் போய்விடும்.

இதற்கு மருந்து புதிதல்ல. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, அதன்மேல் தட்டை ஓடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குக் கைவந்த வேலை. மழைநீரைத் தடுப்பதோடு, ஓரளவு வெயிலையும் அது வாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். தூசி படிந்தால் அதன் பலன் குறையும் என்பதால், கோடை தொடங்கும் முன் கழுவி விட வேண்டும். 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த அகமதாபாத், 2013-இல் வெப்பத்துக்கென்றே செயல்திட்டம் வகுத்தது. பின்னால் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கவும் தொடங்கியது. தெலங்கானா 2023-இல், இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. மத்திய அரசு 2018-இல் குடியிருப்புகளுக்காக ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. ஒரு சதுர மீட்டர் கூரை, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்தக் கூடாது என்றது அது. வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கடத்தும். நல்ல விதி. ஆனால் 2018-இல் அது வகுக்கப்பட்டது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்குத்தான். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்கும் மேல்! அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் கடன் வாங்கிக் கட்டி, மாடியை வாடகைக்கு விடும் வீடுகள் அத்தனையும் வெளியே நிற்கின்றன. சூட்டில் வாடுபவர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

அதனால் கட்டடக் கலைக் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் விமான நிலையமும் அருங்காட்சியகமும் வரையட்டும். அதோடு ஒவ்வொரு வகுப்பும் தன் ஊரில் சில மேல் மாடி வீடுகளை எடுத்துக்கொண்டு, ஏப்ரல் முதல் ஜூன் வரை இரவு நேரக் கூரைச் சூட்டை அளந்து, குடியிருப்பவர் சொல்வதையும் எழுதி வைக்கட்டும். கருவிக்குப் பெரிய செலவில்லை. அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு போனால், சிறு மனைகளுக்கும் கூரை விதி வேண்டும் என்று உள்ளாட்சியிடம் வாதாட முடியும்.

இப்போது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நேயர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். தளம் போட்ட கையோடு மேலே என்ன பதிக்கப் போகிறீர்கள் என்று மேஸ்திரியிடம் இந்த வாரமே கேளுங்கள். வெளிர் நிற ஓடாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.