பகிடிக்குத்தானே டீச்சர்

வணக்கம் நேயர்களே, கூப்பிட்டு பேச இடம் தந்ததுக்கு நன்றி. நான் கொழும்புல தமிழ் மீடியம் பிள்ளைகளோட வேலை செய்யிற ஒரு ஆலோசனை டீச்சர். பிள்ளைகளுக்கு இனவாதம் பத்தி சொல்லிக்குடுங்க என்டு கேட்டா எங்கட ஆக்கள் உடனே தமிழருக்கு எதிரா நடந்த 83 ஜூலை கலவரத்துக்கு போயிருவாங்க. போகத்தான் வேணும், அது மறக்கிற விஷயமில்ல. ஆனா அது எங்களுக்கு மற்றவங்க செஞ்சது, நான் இன்டைக்கு கதைக்கப்போறது எங்கட வகுப்புக்குள்ள எங்கட வாயால நடக்கிறத பத்தி.

கொழும்புல ஒரு தமிழ் மீடியம் வகுப்புக்குள்ள போய் பாருங்க. வெள்ளவத்தை ஃப்ளாட்ல இருந்து வாற யாழ்ப்பாணத்து குடும்பத்து பிள்ளை, அப்பா கடை வேலைக்கு வந்ததால மலையகத்தில ஹட்டன் பக்கம் இருந்து வந்து கொட்டாஞ்சேனையில ரூம் எடுத்து இருக்கிற பிள்ளை, மட்டக்களப்பு பிள்ளை, தெமட்டகொடயில இருந்து வாற முஸ்லிம் பிள்ளை, எல்லாரும் ஒரே பெஞ்சில. இன்டர்வல் நேரம் சும்மா காது குடுத்து நின்டா கேக்கும்: மலையகப் பிள்ளைக்கு தோட்டக்காட்டான், யாழ்ப்பாணத்து பிள்ளைக்கு பனங்கொட்டை, முஸ்லிம் பிள்ளைக்கு தொப்பி பிரட்டி, மட்டக்களப்புக்கு போனா மந்திரம் செஞ்சு பாயோட ஒட்ட வச்சிருவாங்க, சிங்களவன் மோடன். ரேடியோவில சொல்ல வாய் கூசுது, ஆனா சொல்லாம விட்டா நீங்க "எங்கட பிள்ளை அப்படியெல்லாம் கதைக்காது" என்டுதான் இருப்பீங்க. ஏன்டா அப்படி சொன்ன என்டு கேட்டா வாற பதில் எப்பவும் ஒன்டுதான், "பகிடிக்குத்தானே டீச்சர்".

யாரு சிரிக்கல என்டு பாக்கச் சொல்லி பிள்ளைகளுக்கு பழக்கினா போதும், பாதி விளங்கிரும். அந்த ஹட்டன் பிள்ளையும் சில நேரம் சேர்ந்து சிரிக்கும், அதுதான் பெரிய கொடுமை, சிரிக்காட்டி தனிச்சு போயிருவம் என்ட பயம். அந்த பிள்ளையோட தாத்தா பாட்டிமார் 1948 குடியுரிமை சட்டத்தால நாடில்லாதவங்களா ஆன மலையகத் தோட்டத்து ஆக்களா இருக்கலாம், 2003ல புது சட்டம் வந்துதான் மிச்சம் இருந்த ஆக்களுக்கும் குடியுரிமை கிடைச்சுது. வரலாறு பாடத்தில அத ரெண்டு வரியில படிச்சிட்டு அதே வாயால "தோட்டக்காட்டான்" என்டு கூப்பிடுறாங்க, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு என்டு யாரும் அவங்களுக்கு காட்டல.

இன்னொன்டு, புகழ்ச்சி மாதிரி வாறதையும் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டணும். யாழ்ப்பாணத்து பிள்ளை என்டா கணக்குல கெட்டி, முஸ்லிம் பிள்ளை என்டா பிஸ்னஸ். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குல 30 மார்க்ஸ் எடுக்கிற யாழ்ப்பாணத்து பிள்ளை அத யாருகிட்ட போய் சொல்லும்? பயோ படிக்க ஆசைப்படுற முஸ்லிம் பொடியன பாத்து "உனக்கென்னடா, வாப்பாட கடை இருக்குத்தானே" என்டு சொல்றது பெரிய ஆக்கள்தான், சில நேரம் டீச்சர்மாரே.

சின்ன பேச்சு எங்க போய் நிக்கும் என்டு பெரிய வகுப்பு பிள்ளைகளுக்கு காட்ட நான் எடுக்கிறது 2018 அம்பாறை கதை. முஸ்லிம் ஆள்ட கடையில சாப்பாட்டுல மலட்டு மாத்திரை கலந்தாங்க என்டு ஒரு புரளி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுது, பிறகு அரச பகுப்பாய்வாளர் பாத்தா அது மாவுக்கட்டி. "இவங்க அப்படித்தான்" என்டு முதல்லயே மனசில எழுதி வச்சிருந்ததாலதான் ஒருத்தரும் நின்டு கேக்கல. அதால பிள்ளைகளுக்கு ரெண்டு கேள்வி பழக்கிறன், இத உனக்கு யார் சொன்னது, அப்படிப்பட்ட ஆக்கள் எத்தன பேர உனக்கு நேர்ல தெரியும். ரெண்டாவது கேள்விக்கு அனேகமா ஒரு பெயருக்கு மேல வராது.

ஆனா கேள்வி மட்டும் காணாது. உபதேசத்தில எனக்கு பெரிய நம்பிக்கை இல்ல, அசெம்பிளியில ஒற்றுமை பேச்சு முடிய அதே லைன்ல நின்டு அதே பட்டப்பெயர சொல்லுவாங்க. வேலை செய்யிறது சேர்ந்து செய்யிற வேலைதான். 1971ல அமெரிக்காவில டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரத்தில, கறுப்பின பிள்ளைகளும் வெள்ளைக்கார பிள்ளைகளும் புதுசா ஒரே வகுப்புக்கு வந்து சண்டை பிடிச்ச நேரம், எலியட் ஆரன்சன் என்ட உளவியல் பேராசிரியர் ஒரு வழி கொண்டு வந்தார், ஒரு பாடத்த துண்டு துண்டா பிரிச்சு குழுவில ஆளுக்கு ஒரு துண்டு குடுக்கிறது, மற்றவன்ட துண்டு விளங்காம ஒருத்தராலயும் பாடத்த முடிக்க ஏலாது. இத எந்த சாதனமும் இல்லாம எங்கட வகுப்புலயும் செய்யலாம், ஆனா குழுவ டீச்சர்தான் பிரிக்கணும், பிள்ளைகள விட்டா ஊர் ஊராத்தான் சேருவாங்க. 1968ல அமெரிக்காவில ஒரு டீச்சர் நீலக்கண் பிள்ளை, பழுப்புக்கண் பிள்ளை என்டு வகுப்ப பிரிச்சு, ஒரு பக்கத்த வேணுமென்டே தாழ்த்தி நடத்தின பயிற்சிய பத்தியும் சில ஆசிரியர்கள் கேக்கிறாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க, பிள்ளை மனசு பரிசோதனைக்கு வச்சது இல்ல.

பட்டப்பெயர் கேட்ட அந்த நிமிஷம் என்ன செய்யிறது? பக்கத்தில நிக்கிற பிள்ளைக்குத்தான் நான் கூட சொல்லிக்குடுக்கிறன். பெரிய சண்டை வேணாம், "டேய் அப்படி கூப்பிடாத, அவனுக்கு பேர் இருக்கு" என்டா காணும், அதுவும் ஏலாட்டி சிரிக்காம இருந்து அந்த பிள்ளைய கூட்டிட்டு கேன்டீனுக்கு போயிரு. பகிடிய நடத்துறதே சுத்தி நிக்கிறவன்ட சிரிப்புத்தான்.

அம்மா அப்பாமார், பிள்ளை வந்து சொன்னா "விட்டுத்தள்ளு" என்டு மட்டும் சொல்லாதீங்க. யார், எப்ப, என்ன சொன்னது என்டு கொப்பியில எழுதி வச்சு வகுப்பு டீச்சர்கிட்ட போங்க. சொன்னது டீச்சரா இருந்தா அதிபர்கிட்ட, அங்கயும் சரிவராட்டி வலயக் கல்வி அலுவலகத்துக்கு. அரசியலமைப்பில பாகுபாடு காட்டக்கூடாது என்டு சொல்ற 12(2) உறுப்புரையில இனம், மதம், மொழி, சாதியோட பிறந்த இடமும் இருக்கு, அத கடிதத்தில எழுதுங்க. மனித உரிமைகள் ஆணைக்குழுட அவசர நம்பர் 1996, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. நன்றி, வணக்கம்.