இலையைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து டிரசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்றைக்குக் கெமுந்திங் பழத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நீலகிரியில் இதே செடியைத் தவிட்டுக்கொய்யா என்பார்கள். அங்கே மலைச்சரிவில் புதராக நிற்கும். இங்கே மணல் தரையில், வெட்டவெளியில் நிற்கும். கொய்யா, ஜம்பு எல்லாம் இதற்குச் சொந்தம்.

"கறுத்துப் பழுத்திருந்தா தின்னலாம்" என்று நம் ஆட்கள் சொல்வது எனக்குப் பெரும் கவலை. நிறத்தை நம்பாதீர்கள்.

ஒருநாள் காலையில் ஓர் அம்மா மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பையன் விடாமல் வாந்தி எடுக்கிறான். "கெமுந்திங்தாங்க ஐயா தின்னான்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட வந்த பாட்டியிடம், "அவன் பறித்த கிளையை ஒடித்துக் கொண்டு வாங்கம்மா" என்றேன். பாட்டி லயத்துக்குப் பின்னால் போய் ஒடித்து வந்தது உண்ணிச்செடி! பலநிறப் பூ பூக்கும் வேலிச்செடி, தெரியும்தானே? ஒரே காம்பில் மிளகு போலக் கறுத்த பழம், கூடவே பச்சைக்காய். அந்தப் பச்சைக்காய் விஷம். உடனே பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், கிளையும் கூடவே போனது. பிழைத்துக்கொண்டான்.

ஆகவே, இலையைத் திருப்பிப் பாருங்கள். கெமுந்திங் இலை எதிரெதிராக இருக்கும். மேலே பளபளப்பு, அடியில் வெல்வெட் மாதிரி வெளிறிய ரோமம். ஓரத்தில் பல் கிடையாது. நீளவாக்கில் மூன்று நரம்பு தெளிவாக ஓடும். உண்ணிச்செடி இலை சொரசொரப்பு, ஓரமெல்லாம் பல். கெமுந்திங் பூ இளஞ்சிவப்பு, ஐந்து இதழ், நடுவில் கொத்தாய் மகரந்தத் தாள்கள். பழத்தின் தலையில் கொய்யாவுக்கு இருப்பதுபோல் ஐந்து இதழ்க் கிரீடம்.

செந்துடுக்கு என்று இன்னொரு காட்டுச்செடி உண்டு, அதன் பழத்தைத் தின்றாலும் வாய் கறுக்கும். அந்தச் செடியின் இலையிலும் நீள நரம்பு ஓடும். ஆனால் தடவினால் முரடு, பழம் தானாக வெடித்துப் பிளந்துவிடும். அதைத் தின்னலாம், கேடில்லை. கெமுந்திங் வெடிக்காது. மறுபடியும் சொல்கிறேன், இலையின் அடிப்பக்கம்!

இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கெமுந்திங்கின் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதன் பழத்தைத் தின்றவர்களுக்குக் கண்பார்வையே போயிருக்கிறது. நெருங்கிய சொந்தம் என்பதால் எல்லாம் தின்னத் தகுந்ததாகிவிடாது.

ஜாம் காய்ச்சும் பக்குவமும் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். கூழாக்கி, வடிகட்டி விதையை நீக்கிவிட்டு, சீனி போட்டுக் கிண்டுங்கள். பிள்ளை தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இலையும் காயுமாகக் கிளையை ஒடித்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வணக்கம்.