இரண்டு கரிநெருப்புகள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

இன்று விடியற்காலை நாலரை மணிக்கு நாம் கல்லறைத் தோட்டத்தில் நின்றோம். வெள்ளையடித்த கல்லறைகள், ஒவ்வொன்றின்மேலும் மெழுகுவர்த்தியும் பூவும். "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்று போதகர் சொல்ல, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நாம் பதில் சொன்னோம். பலருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சென்ற ஈஸ்டரில் நம்மோடு நின்று அந்தப் பதிலைச் சொன்னவர்களில் சிலர் இந்த ஆண்டு மண்ணுக்குள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடியும் காண்போம் என்ற நம்பிக்கையைப் பற்றிப் போதகர் காலையிலேயே நிறைவாகப் பேசிவிட்டார். இந்த மாலைக் கூட்டத்தில் நான் பேச விரும்புவது உயிரோடிருக்கும் நமக்கு ஈஸ்டர் தரும் ஆசீர்வாதத்தைப் பற்றி.

பாவமன்னிப்புக்குப் பெரிய வெள்ளி, மரணத்தின்மேல் வெற்றிக்கு ஈஸ்டர் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பவுல் அப்படிப் பிரிக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம், 15ஆம் அதிகாரம், 17ஆம் வசனத்தைப் பாருங்கள்: "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள்." மரணத்தில் இருப்பீர்கள் என்று எழுதியிருந்தால் நமக்கு வியப்பில்லை. பாவங்களில் இருப்பீர்கள் என்கிறார். ஏன்?

எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். ஒருவருக்குத் தீங்கு செய்துவிட்டோம். "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரைத் தவிர யாருக்கு உரிமை உண்டு? அவரே இறந்துபோனால்? ஆஸ்பத்திரியில் கிடந்த தகப்பனைப் போய்ப் பார்க்காமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மாலையோடு போய் நின்ற பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். ஊரே ஆறுதல் சொல்லும். அந்த ஒரு வாய் மட்டும் திறக்காது.

இயேசு சிலுவையில் மரித்த மறுநாள், அந்தச் சனிக்கிழமை, அவருடைய சீஷன் பேதுரு அப்படித்தான் இருந்தான்.

அவனுக்கு என்ன நடந்தது என்பதை யோவான் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார் பாருங்கள். 18ஆம் அதிகாரத்தில், இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனுடைய முற்றம். குளிர். ஊழியக்காரர் கரிநெருப்புண்டாக்கிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அவர்களோடு நிற்கிறான். வாசலில் ஒரு முறை, அந்த நெருப்புக்கு முன்னால் இரண்டு முறை, ஆக மூன்று முறை, இயேசுவோடு தனக்குத் தொடர்பில்லை என்று மறுதலிக்கிறான். பிறகு 21ஆம் அதிகாரம், திபேரியாக் கடற்கரை. ஏழு பேர் இராமுழுதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் ஒருவர் நிற்கிறார். வலையில் 153 மீன்கள். கரையேறினால் அங்கே கரிநெருப்பு! கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது.

அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! எந்த நெருப்பின் அருகே அவன் விழுந்தானோ, அதே போன்ற நெருப்பைத் தம் கையாலேயே மூட்டி வைத்திருக்கிறார் கர்த்தர். ஆனால் முற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்" என்கிறார். சாப்பாடு முடிந்த பிறகுதான் கேள்வி. அதுவும் "ஏன் மறுதலித்தாய்" என்ற கேள்வி அல்ல. "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" மூன்று மறுதலிப்புக்கு மூன்று முறை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு பதிலுக்கும் ஆடுகளை அவன் கையில் ஒப்படைக்கிறார். விழுந்தவனிடமே மந்தையைக் கொடுக்கிறார்.

இதற்கு முன்பே கர்த்தர் சீமோன் பேதுருவுக்குத் தரிசனமானார் என்று லூக்கா ஒரு வரியில் சொல்கிறார். என்ன பேசினார்கள் என்று வேதத்தில் இல்லை. அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். கல்லறையில் தூதன் பெண்களிடம் சொன்ன செய்தியிலும், சீஷருக்குச் சொல்லுங்கள் என்பதோடு நில்லாமல் "பேதுருவினிடத்திற்கும்" என்று அவன் பெயர் தனியாக வருகிறது, மாற்கு 16:7. சீஷன் என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு இனி என்ன தகுதி என்று கூனிப்போயிருந்தவனுக்கு அந்தப் பெயர் எப்படி இருந்திருக்கும்!

சீஷர்கள் பயந்து பூட்டிக்கொண்டிருந்த அறைக்குள் வந்தபோதும் கர்த்தர் சொன்ன முதல் வார்த்தை "உங்களுக்குச் சமாதானம்." விட்டு ஓடியவர்களிடம் சொல்கிறார். உடனே கைகளையும் விலாவையும் காட்டுகிறார். காயம் மறையவில்லை. நடந்ததை நடக்காததுபோல ஆக்குவது மன்னிப்பு அல்ல. காயத்தின் தழும்போடு வந்து நின்று சமாதானம் சொல்வது அது.

நம் திருச்சபை நாட்காட்டியில் ஈஸ்டர் இன்றோடு முடியவில்லை. பெந்தெகொஸ்தே வரை 50 நாட்கள். லெந்து நாட்களில் 40 நாள் உபவாசம் இருக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. இந்த 50 நாட்களில் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு என் தகப்பனாரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவரும் சித்தப்பாவும் ஒரு மதில் சுவர்த் தகராறில் பதினோரு ஆண்டுகள் பேசவில்லை. ஒரே ஆலயம், இருவருக்கும் வெவ்வேறு வாசல். ஓர் ஈஸ்டர் விடியலில், கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் கல்லறையருகே இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஆராதனை முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வரவில்லை. நேரே சித்தப்பா வீட்டுக்கு நடந்தார். பயந்துகொண்டே நானும் பின்னால் போனேன். சுவரைப் பற்றி அவர் பேசவேயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உள்ளே பார்த்துச் சித்தியிடம் கேட்டார்: "ஆப்பம் சுட்டாயிற்றா அம்மா?"

சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரண்டு தட்டுகளோடு வந்தார். என்னைப் பார்த்ததும், இன்னொன்று எடுத்துவரத் திரும்பிப் போனார்.