லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காராமல் லாட்ஜ் மென்பொருள் எழுதாதீர்கள்

[திரையில்: வேலூர் சி.எம்.சி. எதிரே காந்தி ரோடு. லாட்ஜ் பலகைகள், தமிழோடு இந்தியும் வங்காளமும்.]

வணக்கம். மென்பொருள் எழுதி விற்க வேண்டும் என்ற ஆசையோடு இருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்காக இந்த வீடியோ. ஐ.டி. வேலைக்குப் போகப் போகிறவர்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

வெளியீடு என்றதும் பலருக்கும் ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. அன்று வலைத்தளம் திறக்கும், லிங்க்ட்இன்னில் பதிவு போடுவோம், வகுப்புத் தோழர்கள் எல்லாரும் பகிர்வார்கள். அன்று உள்ளே வந்து பார்க்கிறவர்கள் உங்களுக்காக வந்தவர்கள், உங்கள் மென்பொருளுக்காக வந்தவர்கள் இல்லை. உறவும் நட்பும் இல்லாத ஒருவர் பணம் கொடுத்து வாங்கி, அடுத்த மாதமும் கொடுத்தால்தான் அது வெளியாகிவிட்டது என்று நான் சொல்வேன். அந்த ஒருவரைத் தேடி பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை.

[திரையில்: லாட்ஜ் ரிசப்ஷன் மேசை, நீளமான ரெஜிஸ்டர்.]

இந்தத் தெருவையே எடுத்துக்கொள்வோம். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சி.எம்.சி.யாக நிற்கிறது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் வருகிறார்கள். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி நேராக லாட்ஜ் தேடுகிறார்கள். சரி, லாட்ஜுகளுக்கு ஒரு மென்பொருள் எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நல்ல யோசனைதான். வழக்கமாக எப்படி ஆரம்பிப்பார்கள்? பெரிய ஹோட்டல் மென்பொருள் ஒன்றைப் பார்த்து, அதே மாதிரி ஒரு திரை செய்வார்கள். பெயர், ரூம் எண், செக்-இன் தேதி, செக்-அவுட் தேதி. செக்-அவுட் தேதியை நிரப்பாமல் அடுத்த திரைக்குப் போக முடியாது.

இங்கே வரும் பார்ட்டிக்கு எப்போது கிளம்புவோம் என்று தெரியாது. ஸ்கேன் முடிவு வர வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், ஆபரேஷன் தேதி கிடைக்க வேண்டும். மூன்று நாள் என்று வந்தவர்கள் ஒரு மாதம் தங்குவார்கள். நோயாளியை வார்டில் சேர்த்ததும் கூட வந்தவர்கள் பெரிய ரூமை விட்டுச் சின்ன ரூமுக்கு மாறுவார்கள். சமைத்துச் சாப்பிடுவதால் சில லாட்ஜுகளில் சமையலறையோடு ரூம், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் தனிக் கணக்கு. அட்வான்ஸைப் பாதி பாதியாகக் கழிப்பார்கள். வங்கதேசத்துப் பார்ட்டி என்றால் வெளிநாட்டவர் விவரத்தை, லாட்ஜ்காரர்கள் ஃபார்ம் சி என்பார்களே, அதை 24 மணி நேரத்துக்குள் அரசு இணையதளத்தில் ஏற்றியாக வேண்டும். பாஸ்போர்ட் எண்ணை ரெஜிஸ்டரில் ஒரு தடவை எழுதி, இணையதளத்தில் இன்னொரு தடவை தட்ட வேண்டும்.

அந்த மேனேஜருக்கு நீங்கள் ஆக்குபன்சி கிராஃப் போட்டுக் காட்டினால் அவருக்கு அதனால் என்ன பயன்? எத்தனை ரூம் காலி என்று அவருக்குச் சாவிப் பலகையைப் பார்த்தாலே தெரியும். பாஸ்போர்ட் விவரத்தை இரண்டாவது தடவை தட்டாமல் இருக்க வழி செய்தால், நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்.

இதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் வராது. அனுமதி கேட்டு, விடியற்காலையில் ரிசப்ஷனில் போய் உட்காருங்கள். லேப்டாப் வேண்டாம், நோட்டு போதும். “இப்படி ஒரு ஆப் இருந்தா வாங்குவீங்களாண்ணே?” என்று கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “நல்லா இருக்கு தம்பி, பண்ணுங்க” என்பார்கள். அதை ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு எட்டு மாதம் உழைத்து ஓய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக, “நேத்து எந்த வேலைக்கு அதிக நேரம் போச்சு? எப்படிச் செஞ்சீங்கன்னு ஒரு தடவை காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறது, எதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைக்கிறார் என்று பாருங்கள். அந்தத் துண்டுச் சீட்டைத்தான் முதலில் மென்பொருளாக்க வேண்டும்.

“அடுத்த வாரம் வாங்க, ஓனரும் இருப்பார்” என்று ஒருவர் சொன்னால் அதை நம்பலாம். அப்போதும் இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசமாக வாங்கியவர் குறை சொல்ல மாட்டார், பேசாமல் நிறுத்திவிடுவார். காசு கொடுத்தவர்தான் போன் போட்டுத் திட்டுவார், எதைச் சரி செய்ய வேண்டும் என்று உங்களுக்கு அப்போதுதான் தெரியும். விலைக்கு என் யோசனை, மாதத்துக்கு ஒரு ரூமின் ஒரு நாள் வாடகை. ஓனருக்கு அது உடனே விளங்கும். “ஒரு நாள் ஒரு ரூம் காலியா இருந்ததா நினைச்சுக்கங்க” என்று சொன்னால் பேரம்கூடச் சீக்கிரம் முடியும்.

[திரையில்: ஒரே ரூம், மூன்று பில்கள், மூன்று வரி விகிதங்கள்.]

விற்ற பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பம். ஒரு உதாரணம் சொல்கிறேன், கவனமாகப் பாருங்கள். நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட ரூம்களுக்கு முன்பு ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமானது, உள்ளீட்டு வரிக் கழிவு இல்லாமல், அதாவது லாட்ஜ் தான் வாங்கியவற்றுக்குக் கட்டிய வரியை இதில் கழித்துக்கொள்ள முடியாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள லாட்ஜில் அந்த நாள் விடிந்ததும் பில் சரியாக வர வேண்டும். 12 என்ற எண்ணை மென்பொருள் நிரலில் பத்து இடத்தில் எழுதி வைத்திருந்தால் அன்று நீங்கள் தூங்கியிருக்க முடியாது. வரி விகிதத்தைத் தனி அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து எது என்று வையுங்கள். அதோடு முடியவில்லை. வரி மாறுவதற்கு முன் தங்கியவர், தான் வேலை செய்யும் இடத்தில் மருத்துவச் செலவைத் திரும்பப் பெற பில் காப்பி கேட்டு வருவார். அவருக்குப் பழைய விகிதத்தில்தான் அச்சாக வேண்டும். ரூம் ஒன்று, அப்போது ஒரு வரி, இப்போது ஒரு வரி. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தவரைப் பற்றி அந்தத் தெருவில் நான்கு லாட்ஜ்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

அப்புறம் அடையாள ஆவணங்கள். நோயாளிகளின் பாஸ்போர்ட்டும் ஆதாரும் உங்கள் மென்பொருள் வழியாகப் போகின்றன. உடல்நலம் கெட்டு, தெரியாத ஊருக்கு வந்தவர்களின் காகிதங்கள் அவை. மென்பொருளில் பிழை (பக்) பார்க்கிறேன் என்று அவற்றை வாட்ஸ்ஆப்பில் வாங்காதீர்கள், உங்கள் லேப்டாப்பில் காப்பி வைக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நாம் காக்க வேண்டிய மரியாதை.

மொபைல் ஆப் வேண்டுமா? லாட்ஜுக்கு பிரவுசரில் திறக்கும் பக்கமே போதும். பிளே ஸ்டோரில் போட 25 டாலர் ஒருமுறைக் கட்டணம். புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

“இப்படித் தெருத்தெருவாகப் போனால் எப்போது பெரிய நிறுவனமாவது?” என்று கேட்பீர்கள். மென்பொருள் நிறுவனமான சோஹோ 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. முதலில் நெட்வொர்க் கருவி செய்யும் கம்பெனிகளுக்குத்தான் மென்பொருள் விற்றது. சோஹோ கார்ப்பரேஷன் என்ற பெயர் வந்ததே 2009-ல். கிரிஷ் மாத்ருபூதம் அங்கே பல வருடம் வேலை செய்து, அந்தத் தொழிலை உள்ளேயிருந்து பார்த்த பிறகுதான் 2010-ல் சென்னையில், வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க உதவும் மென்பொருளான ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. நமக்குத் தெரிவதெல்லாம் பங்குச் சந்தையில் மணி அடித்த அந்த நாள் மட்டும். அதற்கு முன் அவர் வாடிக்கையாளர் பிரச்சினைகளோடு கழித்த வருடங்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன.

[திரையில்: காட்பாடி, கல்லூரி வாசலில் மாணவர்கள்.]

இனி வேலைக்குப் போகிறவர்களுக்கு. படிப்பு முடிந்ததும் நேராகத் தொழில் தொடங்குவதைவிட இரண்டு மூன்று வருடம் ஒரு கம்பெனியில் இருப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டில் கல்விக் கடன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சப்போர்ட் டீமில் போட்டுவிட்டார்கள் என்று பலர் வருத்தப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல இடம். நிஜமான ஆட்கள் பயன்படுத்தும்போது மென்பொருள் எங்கே உடைகிறது, எந்தத் தவறால் யாருக்கு நஷ்டம் என்று அங்கேதான் தெரியும். புதிதாக எழுதும் டீமில் இருப்பவர்களுக்குப் பல நேரம் அது கண்ணில் படுவதே இல்லை. ராத்திரி ஷிஃப்ட் உடம்பைக் கெடுக்கும், அது உண்மை. அதனால் அங்கேயே பல வருடம் இருந்துவிடாதீர்கள்.

வேலை தருகிறோம் என்பவர்கள் பயிற்சிக்கு என்று பணம் கேட்டால் அது வேலை இல்லை, உங்களிடம் நடக்கும் வியாபாரம். அசல் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னால் கொடுக்காதீர்கள். அசலைக் காட்டலாம், காப்பி கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வேலையில் இருந்துகொண்டே சொந்தமாக எழுத நினைக்கிறவர்கள் ஆஃபர் கடிதத்தில் இரண்டு இடத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே நீங்கள் எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. வெளி வேலை செய்யலாமா என்பது இன்னொன்று. 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக ஐ.டி. நிறுவனமான விப்ரோவே வெளிப்படையாகச் சொன்னது. ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த மென்பொருளுக்காக ஒரு வரிகூட எழுதாதீர்கள். உங்கள் லாட்ஜ் மென்பொருளைப் பற்றிச் சேர்வதற்கு முன்பே எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்: “சேர்வதற்கு முன்பே தொடங்கிய ஒரு மென்பொருள் என்னிடம் இருக்கிறது. வேலை நேரத்துக்கு வெளியே அதைத் தொடரலாமா?” பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி, அதை உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்று பதில் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே உங்களுக்கு அது தெரிந்திருக்கும்.